உப்புப் பூத்த காலடிகள்

சண்முகக்கனிக்குப் பாசிட்டிவ் என்று சீட்டு வந்த செவ்வாய்க்கிழமை, பத்தொன்பது வருஷமாக அவள் முள்ளோடையில் எங்கெல்லாம் கால் வைத்து நடந்திருந்தாளோ அங்கெல்லாம் உப்புப் பூத்தது. தெருவில் பூத்தது, ஓடைப் பாலத்தில் பூத்தது, ரேஷன் கடை வாசலில், குழாயடியில், பஸ் நிறுத்தத்தில், அம்மன் கோயில் பிரகாரத்தில், தார் ரோட்டில், சிமெண்டுத் தரையில், ஒரு காலத்தில் வெறும் மண்ணாக இருந்து பிறகு சல்லி கொட்டி மேவிய சந்துகளில்கூடக் கீழிருந்து ஏறி வந்து பூத்தது. குதிகால், உள்ளங்கால், விரல்கள் என்று பிசகில்லாமல் வெள்ளையாக எழுந்து நின்ற அந்தக் காலடிகள் யாருடையவை என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. உப்பு லாரியின் பின்கதவு விழுந்து இடது காலின் சுண்டுவிரல் போன பெண் முள்ளோடையில் ஒருத்திதான்.

முள்ளோடை உப்பளத்து ஊர். அங்கே சுவரில் உப்புப் பூக்கும், கொடியில் காயும் துணியில் பூக்கும், மண்வெட்டிப் பிடியில் பூக்கும், வெயிலில் நின்ற மனுஷியின் கழுத்து மடிப்பில் பூக்கும். ஆகையால் பூத்ததில் ஊருக்கு வியப்பொன்றும் இல்லை. எதற்காகப் பூத்தது என்பதுதான் பேச்சு. அதற்கான பதிலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஊராட்சிப் பள்ளியில் பெண்களுக்கு முகாம் போட்டிருந்தார்கள். கருப்பைவாயில் புற்றுநோய் வருமா என்று முன்கூட்டியே பார்க்கிற சோதனை என்று சுகாதார நிலையத்து நர்சு வசந்தராணி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். சண்முகக்கனிக்குப் போகிற எண்ணமே இல்லை. அவளோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிற அந்தோணியம்மாள்தான், அவளைவிட நாலு வயது இளையவள், எந்தக் கஷ்டத்தையும் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறவள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாற்பத்தோரு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சேலையைத் திரையாகக் கட்டிய மூன்றாம் வகுப்பறையில், கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழியாமல் இருக்க, பெஞ்சில் படுக்க வைத்து ஒரு சின்ன பிரஷ்ஷால் தொட்டு எடுத்தாள் வசந்தராணி. வெளியே அந்தோணியம்மாள் சொன்ன ஏதோ ஒரு வேடிக்கைக்கு வரிசை முழுக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சீட்டுகள் வந்ததும் அதே பள்ளிக்கூடத்துக்கு முதலில் கூப்பிடப்பட்டவள் சண்முகக்கனி. வசந்தராணி கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். இது புற்றுநோய் இல்லை, எச்.பி.வி. என்கிற ஒரு கிருமி, புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிற பெரும்பாலானவர்கள் உடம்பில் ஏதோ ஒரு காலத்தில் வந்து போவது, பலருக்குத் தானாகவே போய்விடும், போகாமல் தங்கிவிட்டால்தான் வருஷக்கணக்கில் உள்ளே கெடுதல் செய்யும், மாவட்ட ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துவிட்டால் பயமில்லை என்றாள். சண்முகக்கனி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இது எப்படி வரும் என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வசந்தராணி பொய் சொல்லத் தெரியாதவள். உடம்பும் உடம்பும் சேர்வதால் வரும் என்றாள். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பத்து வருஷம் இருபது வருஷம்கூட ஒளிந்து கிடக்கும் என்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் பாத்திரலாமா நர்சம்மா?"

"ஆம்பளைங்களுக்கு இந்தச் சோதனை கிடையாது கனி."

அவள் சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பள்ளிக்கூட வாசற்படியில் அவளுடைய காலடிகள் வெள்ளையாக நின்றன. வந்த காலடிகள் மட்டுமில்லை, மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தவை, மழைநாளில் குடையோடு வந்தவை, எட்டாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூத்துக் கிடந்தன.

ஊரில் முதலில் பழகிக்கொண்டவை ஆடுகள். அவை காலையில் அவிழ்த்துவிட்டதும் வரிசையாகக் காலடிகளை நக்கிக்கொண்டே போயின, நக்கின இடத்தில் மறுநாள் விடிவதற்குள் மறுபடி பூத்தது. டீக்கடைக்காரர் வாசலைக் கூட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே போய்ப் பால் பொங்குவதற்குள் அது திரும்ப வந்திருந்தது. தெருக்கூட்டுகிறவர்கள் இரண்டு ஆள் கூடுதலாக வேண்டும் என்று ஊராட்சியில் மனுக் கொடுத்தார்கள். நாலாம் வகுப்பு வாத்தியார் பிள்ளைகளை வெளியே அழைத்துவந்து இரண்டு காலடிக்கு நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்கச் சொல்லிக்கொடுத்தார். கோயில் பிரகாரத்தில் பலகை போட்டு மூடினார்கள். ஒரு மாதத்தில் முள்ளோடைக்காரர்களுக்குப் பேசிக்கொண்டே, சைக்கிள் மிதித்துக்கொண்டே, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டே அந்தக் காலடிகளைத் தாண்டி நடக்கிற நடை ஒன்று தானாக வந்துவிட்டது.

காலடிகளுக்குப் பழகிய ஊருக்கு அவளிடம் பழகத் தெரியவில்லை. குழாயடி வரிசையில் அவள் குடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கை நீளம் இடம் விழுந்தது. எனக்கு ஒன்றுமில்லை, மற்றப் பொம்பளைகள்தான் சங்கடப்படுகிறார்கள் என்று சொல்லி மேஸ்திரி அவளைக் கடலோரமாக இருந்த கடைசிப் பாத்திக்கு மாற்றினார். எதிரே வந்தவர்கள் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், கேட்கும்போது முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்கள். ஒரே தூக்குவாளியில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் மறுநாளே தனியாகக் கொண்டுவந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டாள். அவள் தன் சீட்டை வாங்கப் போகவும் இல்லை.

சண்முகக்கனியின் புருஷன் லிங்கத்துரை லாரிகளை எடை போடுகிற மேடையில் வேலை பார்த்தவன், அதிகம் பேசாதவன். இரண்டு நாள் அவன் அவளிடம் சோறு போடு என்றுகூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய அக்கா பாக்கியத்தாய், மூன்று தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள், வந்து வாசலில் நின்றாள்.

"எங்கெல்லாம் போனாளோ அத அவ காலே சொல்லுதே. ஒரு வாட்டி பின்னால போய்ப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

அவர்கள் போனார்கள். லிங்கத்துரை முன்னால், பாக்கியத்தாய் பின்னால், அவர்களுக்குப் பின்னால் வேலையில்லாத நாலைந்து பேர். மூன்று நாள், காலை வெயிலில் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரம் வரை, அவர்கள் ஒரு பெண் பத்தொன்பது வருஷம் நடந்த நடைக்குப் பின்னால் நடந்தார்கள். குழாயடிக்குப் போன காலடிகள் ஒன்றன்மேல் ஒன்று பூத்து முழங்கால் உயரத்துக்கு மேடாக நின்றன, அதில் ஏறித்தான் அந்தப் பக்கம் இறங்க வேண்டியிருந்தது. உப்பளத்துக்குப் போன காலடிகள் இரண்டு மைலுக்கு வெள்ளை ரோடாகவே கிடந்தன. பஸ் நிறுத்தத்துக்குப் போனவை ஒரு பக்கமாக அழுந்தி, கையில் கனமான தூக்குவாளி பிடித்தவளின் காலடிகளாக இருந்தன, அவை லிங்கத்துரையின் அம்மா பதினோரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சோறு கொண்டுபோனவை. ஒரு கூட்டம் காலடிகள் பாக்கியத்தாயின் வீட்டுக்கே போய், படியேறி, உள் அறையில் தொட்டில் கட்டுகிற உத்தரத்துக்குக் கீழே முன்னும் பின்னுமாக, முன்னும் பின்னுமாகச் சுற்றிச் சுற்றிக் கிடந்தன. பாக்கியத்தாய் மூன்று பிள்ளை பெற்றவள். மூன்று பேறுகாலத்துக்கும் வந்து இருந்து பார்த்தவள் யார் என்று அவள் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் வாசலோடு நின்று பார்த்துக்கொண்டார்கள்.

வேறு எந்த வாசலிலும் அந்தக் காலடிகள் ஏறவில்லை. எந்த ஆணின் காலடியும் அவற்றுக்குப் பக்கத்தில் இல்லை, ஆண்களின் காலடிகள்தான் பூக்கவே இல்லையே.

மூன்றாம் நாள் மத்தியானம் பால்பண்ணைக்குப் பின்னால் ஒற்றைத் தடமாக ஒரு வரிசை தனியாகப் பிரிந்து போவதைப் பாக்கியத்தாய் கண்டுபிடித்தாள். ஒரே ஒரு தடவை போய், ஒரே ஒரு தடவை திரும்பிய தடம். அவள் தம்பியைப் பார்த்த பார்வையில், சொன்னேன்லா என்பது இருந்தது. எல்லோரும் வேகமாக நடந்தார்கள். தடம் உடைமரங்களுக்கு ஊடாகப் போய், தண்டவாளத்தைத் தாண்டி, முள்ளோடை ஸ்டேஷனில் ஏறி, பிளாட்பாரத்தின் கடைசிக் கோடியில் போய் நின்றது. போன காலடிகள் எட்டி எட்டி விழுந்திருந்தன, ஓடியிருக்கிறாள். நின்ற இடத்தில் இரண்டு பாதங்களும் தண்டவாளத்தைப் பார்த்தபடி சேர்ந்திருந்தன, வெகுநேரம் நின்றதால் அங்கே உப்பு நாலு விரல்கடை உயரம் திரண்டிருந்தது. திரும்பிய காலடிகள் சின்னச் சின்னதாக, குழந்தை நடக்கிற அளவுக்குக் குறுகலாக இருந்தன. அங்கே வேறு ஒன்றுமில்லை. பின்னால் வந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டில் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். மற்றவர்களும் கிளம்பினார்கள்.

லிங்கத்துரை வீட்டுக்கு வந்தபோது சண்முகக்கனி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்தான்.

"ஸ்டேஷனுக்கு எப்பப் போன?"

"எங்கம்மா செத்த அன்னைக்கு."

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். தகவல் மத்தியானம் வந்தது, அவன் எடைமேடையில் இருந்தான், அவன் வந்த பிறகு கேட்டுவிட்டுப் போ என்று அத்தை சொன்னாள், அவள் சொல்லாமல் ஓடினாள், ஒரு மணி ரயில் போய்விட்டிருந்தது, அடுத்த ரயில் மறுநாள்தான், மகள் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள், அதனால் திரும்பி வந்து ராத்திரிச் சோறு வடித்தாள். மறுநாள் அவன் அவளை பஸ்ஸில் கூட்டிப்போனான். போனபோது எடுத்துவிட்டிருந்தார்கள். அவனுக்கு அன்றைக்கு பஸ்ஸில் கூட்டம் அதிகம் என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

வெயில் முற்றத்தைவிட்டுச் சுவரில் ஏறுகிறவரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி குஜராத்துல கண்ட்லா துறைமுகத்துல மூணு வருஷம் இருந்தேன்லா."

"ம்."

"அங்க ஒரு வீட்டுக்குப் போவேன். கூட இருந்தவங்க எல்லாரும் போவாங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் கொண்டு வந்ததா இருக்குமோ என்னமோ."

"இருக்கும். இல்லாமயும் இருக்கும். யாராலயும் சொல்ல முடியாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க." அவள் ஆய்ந்த கீரையை முறத்தில் அள்ளிவைத்தாள். "மூணு நாளு ஊரைக் கூட்டிட்டு என் பின்னால நடந்தீங்களே. நடக்கதுக்கு முன்னால இத எங்கிட்டச் சொல்லியிருந்தா எனக்குப் போதும்."

அவன் அவளிடம் சொன்னதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. பாக்கியத்தாய் தேடிப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று நாலு வீட்டில் சொன்னாள், ஆனால் ஏதோ இருந்ததை மறைக்கிறவள் மாதிரி அது வாயில் வந்தது. கெட்டிக்காரியாக இருந்தால் கடல் வழியாகப் போயிருப்பாள், தண்ணீரில் உப்புப் பூத்தால் யாருக்குத் தெரியும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு சண்முகக்கனி நடப்பதை நிறுத்திவிட்டாள். பழைய காலடிகளை ஒன்றும் செய்ய முடியாது, புதிதாக ஒன்று விழாமல் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா? உப்பளத்து வேலையை விட்டாள். அடுப்படிக்கும் குளிக்கிற இடத்துக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் மட்டும் போய் வந்தாள். தட்டால், துணியால் இது ஒட்டாது என்று வசந்தராணி எத்தனையோ தடவை சொல்லியும் தன் தட்டைத் தனியாக வைத்துக்கொண்டாள், தன் துணியைத் தனியாக அலசினாள். குளிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு குளித்தாள். புருஷன் வராந்தாவில் படுத்தான், உள்ளே வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை. மதுரையில் விடுதியில் இருந்து படிக்கிற மகள் பொங்கலுக்கு வருகிறேன் என்று போன் செய்தபோது, பரீட்சையை முடித்துக்கொண்டு மெதுவாக வா, இங்கே ஒரே வெயில் என்று மார்கழி மாதத்தில் சொன்னாள். மகள் சரிம்மா என்றாள்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தேதி போயிற்று. வசந்தராணி நாலு முறை வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள். அங்கே போனால் அந்த ஊர் ரோட்டிலும் பூக்குமே நர்சம்மா என்று மட்டும் சண்முகக்கனி சொன்னாள். அவளைப் பார்த்த மற்றப் பெண்களோ தங்கள் சீட்டுகளையே வாங்கவில்லை. நாற்பது பேரில் ஆறு பேர்தான் வந்து வாங்கினார்கள். பெரும்பாலும் நல்ல சீட்டாகத்தான் இருக்கும், வந்து வாங்குங்கள் என்று வசந்தராணி தெருத்தெருவாகச் சொன்னாள். அது உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும் நர்சம்மா, அங்கே இருக்கிற வரைக்கும் உப்பும் அங்கேயே இருக்கும் என்றார்கள்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. மாசி மாதம் ஒரு முற்பகலில் அந்தோணியம்மாள் உப்பு வாரிக்கொண்டிருந்த இடத்திலேயே விழுந்தாள். வெள்ளை உப்பில் ரத்தம் பரவுவதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அவள் எவ்வளவு காலமாக எதை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறாள் என்று புரிந்தது. ஆம்புலன்ஸில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் டாக்டர்கள் வந்திருப்பது என்னவென்று சொன்ன நேரத்தில் முள்ளோடையில் அவள் காலடிகள் பூத்தன. சின்னக் காலடிகள், எப்போதும் ஓட்டமாகவே போகிறவளின் காலடிகள், குதிகால் பதியாமல் விரல்கள் மட்டும் அழுந்தியவை.

சண்முகக்கனி கட்டிலில் இருந்தபடி பின்பக்கத்து ஜன்னல் வழியாக அவற்றைப் பார்த்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்து எங்கும் போகாத சந்து, ஒரு முருங்கை மரமும் அவளுடைய சுவரும்தான் அங்கே உண்டு. அந்தச் சந்துக்குள் காலடிகள் வந்திருந்தன. சந்து முனையில் இருந்து சுவர் வரை வந்து, விரல்கள் சுவரைப் பார்க்க நின்று, திரும்பிப் போயிருந்தன. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. சுவரடியில் உப்பு கணுக்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. நல்லாயிருந்த நாளில் அந்தோணியம்மாள் முன்வாசல் வழியாகத்தான் சத்தம் போட்டுக்கொண்டே வருவாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று பின்பக்கமாக வந்தது இந்த ஏழு மாதத்தில்தான். வேலை விட்டுப் போகிற ஒவ்வொரு சாயங்காலமும் வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, கூப்பிடாமல் போயிருக்கிறாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கையெட்டும் தூரத்தில் சண்முகக்கனியின் கட்டில் கிடந்தது.

அவள் எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டி, எல்லோரும் பார்க்கப் பார்க்கத் தெருவில் நடந்து, பஸ் ஏறினாள். பஸ்ஸின் படியில் பூத்தது, ஆஸ்பத்திரி வாசலில் பூத்தது. ஆனால் அங்கே அவள் காலடியை யாரும் பார்க்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் நடைகளில் எத்தனையோ ஊர்ப் பெண்களின் காலடிகள் முன்பே பூத்துக் கிடந்தன, மெட்டி போட்டவை, பித்தவெடிப்பு விழுந்தவை, செருப்புக்குப் பழகி விரல் ஒடுங்கியவை. துப்புரவு செய்கிற பெண் ஒருத்தி யாரோடோ போனில் பேசிக்கொண்டே உப்பைத் தள்ளிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தோணியம்மாள் கீழ்த்தளத்துப் பெண்கள் வார்டில், ஜன்னலோரம், பாதி ஆளாகிக் கிடந்தாள். சண்முகக்கனி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, சுவரு வரைக்கும் வந்தவ ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா நீ வெளிய வருவ. வந்தா, சீட்டு வாங்கினியாட்டின்னு கேப்ப."

அவள் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். முகாமுக்கு முந்தியே அவளுக்கு ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. தனியாகப் போகப் பயந்துதான் சண்முகக்கனியை இழுத்துக்கொண்டு போனாள். பிறகு தெருவெல்லாம் உப்புப் பூத்ததையும், ஊர் திரண்டு அதன் பின்னால் நடந்ததையும் பார்த்தாள். வீட்டில் இரண்டும் பெண் பிள்ளைகள். நாளைக்கு அவர்களைக் கேட்டு வருகிறவர்கள் முதலில் அம்மாவின் காலடியைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தாள்.

"ஒன்னைய இழுத்துட்டுப் போயி மாட்டிவிட்டுட்டு நான் தப்பிச்சுக்கிட்டேன்னு தெனமும் நெனப்பேன் யக்கா. அதச் சொல்லத்தான் வருவேன். வந்து நின்னா வாய் வராது." பிறகு கேட்டாள்: "நீ மாடிக்குப் போயிட்டு வந்தியா? அங்கதான் பாக்காங்களாம்."

"இல்ல."

"போ. போயிட்டு வந்து எங்கிட்டப் பேசு."

மாடியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். படுக்க வைத்து, விளக்கை இழுத்து வைத்து, காடி வாசனை அடிக்கிற ஏதோ மருந்தைத் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்தில் சின்னதாக வெளுத்திருக்கிறது, இன்றைக்கே முடித்துவிடலாமா என்று கேட்டாள். சூடான ஒரு கருவியால் தொட்டாள். அடிவயிற்றில் மாதவிலக்குக்கு வலிக்கிற மாதிரி ஒரு வலி வந்து, வந்த வேகத்தில் போனது. எழுந்திருங்கள், முடிந்தது, ஒரு வருஷம் கழித்துத் திரும்ப வாருங்கள் என்றாள். சண்முகக்கனி உள்ளே வரும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருந்தாள், பதினொன்று இருபது. இப்போது பதினொன்றரை.

"இவ்வளவுதானா டாக்டரம்மா?"

"சீக்கிரம் வந்தா இவ்வளவுதாம்மா."

அவள் மாடிப்படியில் பாதி இறங்கி அங்கேயே உட்கார்ந்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நோயாளிகளுக்குச் சாப்பாட்டு வண்டி வந்து போனது, பாத்திரங்கள் கழுவுகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது, பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்தார்கள். மூன்று மணிக்கு மேல் முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனாள். அந்தோணியம்மாள் கண் திறந்து பார்த்தாள்.

"இவ்வளவு நேரமா யக்கா?"

"ஆமாட்டி. இப்பத்தான் விட்டாங்க."

"வலிச்சுச்சா?"

"உயிரு போயிட்டு. நாலு பேரு பிடிச்சுக்கிட்டாங்க. நீயெல்லாம் தாங்கியிருக்க மாட்ட."

அந்தோணியம்மாளின் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. "அப்பச் சரி," என்றாள். "நான் அன்னைக்கே வந்திருந்தாலும் பாதியில ஓடியாந்திருப்பேன்." சொல்லிவிட்டு, பள்ளிக்கூட வரிசையைச் சிரிக்க வைத்த அதே சிரிப்பை, சத்தம் இல்லாமல் சிரித்தாள்.

பங்குனியில் அவள் செத்துப்போனாள். கல்லறைத் தோட்டத்துக்கு முள்ளோடைப் பெண்கள் எல்லோரும் போனார்கள். போகிற வழியெல்லாம் அவளுடைய சின்னக் காலடிகள் கிடந்ததால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்து போனார்கள். லிங்கத்துரை பெட்டியின் ஒரு முனையைத் தோளில் சுமந்தான். அவளுடைய மூத்த பெண் அம்மாவின் ஒரு காலடியை இரண்டு கையாலும் வழித்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள், யாரும் தடுக்கவில்லை.

அந்த வருஷத்துக்குள் வசந்தராணியின் அலமாரி காலியானது. இன்னும் ஐந்து பேர் காலடி பூத்தது, ஒன்றோடு ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கலந்ததில் எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாமல் போனது, டீக்கடைக்காரரும் கூட்டுவதை விட்டுவிட்டார். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தோணியம்மாள் போன பிறகு அலமாரியில் இருந்து முதல் சீட்டை வாங்கியவள், முகாம் வரிசையில் தானும் நின்றிருந்த பாக்கியத்தாய்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் காலையில் அவள் சண்முகக்கனியின் வாசலில் வந்து நின்றாள். தலை சீவியிருக்கவில்லை. உள்ளே வாருங்கள் மயினி என்று சொல்லியும் வராமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நேத்து வாங்கினேன். ராத்திரியோட ராத்திரியா ஊரெல்லாம் என் காலு பூத்துக் கெடக்கு. நீ பாக்கலையா?"

சண்முகக்கனி தெருவை எட்டிப் பார்த்தாள். முள்ளோடையின் வேறு எத்தனையோ வாசல்களுக்குப் போயிருந்த அகலமான அந்தக் காலடிகள், தம்பியின் வீட்டுப் பக்கம் பத்தொன்பது வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு முறைதான் வந்திருந்தன.

"இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொல்லுதாங்க நர்சம்மா. ஒத்தையில போகப் பயமா இருக்கு கனி. ஒன்னையக் கூப்பிட எனக்கு வாயில்ல, தெரியும். நாலு பேரு பிடிச்சுக்கிட்டாங்கன்னு அந்தோணியம்மாகிட்ட நீ சொன்னியாமே, அவ பிள்ளைக சொல்லுதுக." அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நேரம் ஆகும்?"

சண்முகக்கனி நிலையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம், மயினி."

"பத்து நிமிஷமா? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அழாததையும் கல்லறைத் தோட்டத்தில் அழாததையும் சேர்த்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, நடுத்தெரு பார்க்க அழுதாள். பாக்கியத்தாயும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடைப் பாலத்தில் பஸ் திரும்புகிற ஹாரன் கேட்டது. பாக்கியத்தாய் எழுந்து, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, கையைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேரும் நிறுத்தத்தைப் பார்க்க நடந்தார்கள்.